பச்சை மூடி ட்யூப்

டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

எடுக்க வேண்டியவர் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். காலடியில் கண்ணாடி பேப்பர் வெயிட்...

செத்தவர் புள்ளிவிவர நிபுணர். கிளினிக்கில் எல்லோருக்கும் 'புள்ளி'. குட்மார்னிங் சொன்னால் கூட ஆதாரம் கேட்கிற ஆசாமி.

பதினொன்றே முக்காலுக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தாள். அவளுக்கு முன்னால் ஏட்டின் தொப்பை. பின்னால் ஏட்டு.

"முதல்ல பார்த்தது யாரு?"

"நான்தான் மேடம்," என்றாள் சீனியர் நர்ஸ்.

"அவளைத்தான் கேக்கணும்," என்று குறுக்கே வந்தார் கம்பெனி மேனேஜர். கோட்டு, டை, ஆளுக்கு முன்னால் வந்து சேரும் சென்ட். "ரூமுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு செத்தவர்கிட்ட, ஒண்ணு இவகிட்ட. நேத்து ரெண்டு பேருக்கும் சண்டை. கிளினிக்கே கேட்டுது."

"எதுக்கும்மா சண்டை?"

விஷயம் இதுதான். மேனேஜரின் கம்பெனி ஒரு ஜெல் தயாரிக்கிறது. பெண்கள் உள்ளே வைத்துக்கொள்வது. விந்தணுவைக் கொல்லும். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை ஏது? உடலுறவில் தொற்றும் நோயையும் தடுக்கும் என்று சொல்லி விற்க ஆசை வந்துவிட்டது.

சோதனைக்கு நானூறு பெண்கள். பாதிப் பேருக்குப் பச்சை மூடி ட்யூப், மீதிப் பேருக்கு மஞ்சள். ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் வழவழப்பு. எதில் எது? புள்ளியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அந்த ரகசியமும் நோய்க் கணக்கும் அவர் நேற்றே ஒட்டிவைத்த ஒரே கவரில். இன்று பகல் பன்னிரண்டுக்கு எல்லோர் முன்னாலும் பிரிப்பதாக ஏற்பாடு.

"சில பொண்ணுங்களுக்கு உள்ள புண்ணு மேடம்," என்றாள் நர்ஸ். "சோதிக்கறவளுக்கு மூடி கலர் தெரியக்கூடாதுன்னு சட்டம். எந்த ட்யூபுன்னு சொல்லுங்க, நிறுத்திடலாம்னு கெஞ்சினேன். நாளைக்குக் கவர் பிரிக்கிற வரைக்கும் மூச்சு விடமாட்டேன்னுட்டார்."

"ஆத்திரம். அடிச்சுட்டா," என்று முடித்து வைத்தார் மேனேஜர்.

மணி பன்னிரண்டு. ஏட்டு மேஜை டிராயரிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்துவிட்டு விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பிரித்துப் படித்தாள்.

"மஞ்சள் மூடி, மருந்து. நோய் பதினொரு பேருக்கு. பச்சை மூடி, வெறும் ஜெல். நோய் முப்பத்திரண்டு பேருக்கு."

"பாத்தீங்களா? மருந்து ஜெயிச்சிடுச்சு," மேனேஜர் டையைச் சரி செய்துகொண்டார். "'நோயைத் தடுக்கும்'னு போன மாசமே நாப்பதாயிரம் அட்டைப்பெட்டி அடிச்சு வச்சுட்டோம்."

"ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியேவா?"

"தன்னம்பிக்கை மேடம்."

வெட்கம் என்பது அந்த ஆள் படிக்காத பாடம்.

இன்ஸ்பெக்டர் நர்ஸின் பக்கம் திரும்பினாள். "ஸ்டேஷனுக்கு வாங்கம்மா."

"வர்றேன் மேடம். ஆனா அந்தப் பெட்டி மட்டும் கடைக்குப் போகக்கூடாது. இதுவே போதும்னு நம்பி, காண்டம் வேணாம்னு விட்டுடுவாங்க. புண்ணோட வந்த பொண்ணுங்கள நான் பார்த்திருக்கேன்..."

மேனேஜரின் செல்போன் அடித்தது. திரையில் 'ப்ளம்பர்'. வெட்டினார். மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினார்.

மூன்றாவது தடவை.

"எடுங்க சார்," என்றாள் இன்ஸ்பெக்டர். "வீடு மிதக்குதோ என்னமோ. ஸ்பீக்கர்ல போடுங்க."

"பரவால்ல, அப்புறமா..."

ஏட்டு போனை வாங்கி அழுத்தினார்.

ப்ளம்பரின் குரல் தேனாக வழிந்தது. "எத்தனை தடவைங்க கட் பண்ணுவீங்க? பச்சை மூடியிலதான் மருந்து இருக்கு, புண்ணு வரும், நோயும் ஒட்டிக்கும், தூக்கிக் குப்பையில போடுன்னு பத்தரைக்குப் பதறினீங்க. போட்டுட்டேன். நீங்க கொண்டாந்த மஞ்சள் மூடியையும் போட்டுடவா?"

இன்ஸ்பெக்டர் கவரைத் திருப்பிப் பார்த்தாள்.

"பன்னெண்டுக்குப் பிரிச்ச கவர்," என்றாள் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "பத்தரைக்கே ப்ளம்பருக்கு எப்படித் தெரிஞ்சுது? அதுவும் இதுல இருக்கறதுக்கு நேர்மாறா?"

"மேடம்," ஏட்டு விரலை நீட்டினார். "கோந்து இன்னும் பிசுபிசுங்குது. நேத்தே ஒட்டின கவர்னாங்களே?"

"கோட்டைக் கழட்டுங்க சார்."

உள் பாக்கெட்டில் செத்தவரின் ரூம் சாவி, நான்காக மடித்த காகிதம். புள்ளி அச்சடித்த அசல். பச்சை மூடி, மருந்து, முப்பத்திரண்டு. கொலை செய்யத் தெரிந்தது. காகிதத்தைக் கிழிக்கத் தெரியவில்லை.

"ரெண்டு வார்த்தைதான் மாத்தி எழுதச் சொன்னேன்," என்றார் மேனேஜர். "மாட்டேன்னான்... மாத்தினா அது கணக்கே இல்லைன்னான்..."

நர்ஸ் நிமிர்ந்தாள். "உங்க மிஸஸ் போன வாரம் வந்திருந்தாங்க சார். நீங்க கொடுத்த பச்சை மூடி ட்யூபைக் காட்டி, எரியுது, நல்லதுதானான்னு கேட்டாங்க. மேனேஜர் சார் வீடு, சோதனையில சேர்ந்தவங்க இல்லைன்னு சும்மா இருந்துட்டேன். அவங்களுக்குப் போன் பண்ணீங்களா?"

பண்ணவில்லை. பத்தரைக்கு அவருக்கு வந்த பதற்றமெல்லாம், சாயங்காலம் தான் போகவிருந்த இடத்தைப் பற்றி மட்டும்.

நர்ஸ் தன் போனை எடுத்து அந்த வீட்டு நம்பரை அழுத்தினாள். மேனேஜரின் கையில் விலங்கு ஏறியது.

ஏட்டு நோட்டைப் பிரித்தார். "மேடம், போன்ல பேசின அம்மாவைச் சாட்சியாப் போடணும். தொழில்ங்கற இடத்துல என்ன எழுத?"

"ப்ளம்பர்னே எழுதுங்க," என்றாள் இன்ஸ்பெக்டர். "ஒரே போன்ல அடைப்பை எடுத்துட்டாங்களே."