முழுச் சிலிர்ப்பு

செவ்வாய்க் கிரகத்தில் நாகர்கோவில் பக்கத்தார் அமைத்த நாஞ்சில் குடியேற்றத்தில், ஆங்கிலப் பக்திக் கவிதைகளை எல்லோரும் பல் துலக்கும்போதே ரசித்து முடித்துவிடுவார்கள். காதுக்குப் பின்னால் பதித்த சிலிர்ப்பி காலையில் ஒரு கவிதையை வாங்கும்; அதற்குரிய மெய்சிலிர்ப்பை உடம்பில் ஓடவிடும்; பாராட்டையும் தானே எழுதி உற்றார் உறவினர் அனைவருக்கும் அனுப்பிவிடும். வாய் கொப்பளிப்பதற்குள் பக்தி முடிந்திருக்கும்.

ஜெசிந்தா மட்டும் தன் சிலிர்ப்பியை அணைத்துவிட்டு, ஒரே கவிதையோடு வாரக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். பல நாள் ஒரு வரிகூட நகராது. அதற்காகத்தான் ரசனை வாரியம் அவளை அழைத்திருந்தது. குற்றம் உறுதியானால் அணைக்கவே முடியாத சிலிர்ப்பியைப் பொருத்திவிடுவார்கள். அப்புறம் எந்த வரியிலும் அவளால் நிற்க முடியாது.

"புல்லரிச்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திரு, ஜெசி," என்றான் கணவன் ஞானசிகாமணி, வாரியத்தின் வாசலில். "ஒனக்கு எதுக்கு இந்த வீம்பு?"

"புல்லரிக்கலையே!"

அவன் தலையில் அடித்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

விசாரித்தது ஓர் எந்திரன். மரியாதை தெரிந்த எந்திரன். "அம்மா, குடியேற்றமே நெகிழ்ந்த கவிதை இது. உங்களிடம் ஓர் அசைவும் இல்லை. பிடிக்கவில்லையா?"

"பிடிச்சதுனாலதான் இன்னும் முடிக்கல."

மண்டபம் சிரித்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "படிப்பு ஏறலன்னு சொல்லிட்டுப் போயேம்மா," என்றார்.

ஜெசிந்தா அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. ஒங்களுக்குப் புல்லரிச்ச இந்தக் கவிதையில என்ன இருக்கு?"

அவர் காதைத் தடவினார். "அது வந்து... பணிவு. ஆண்டவர்கிட்ட பணிவு."

"பணிவா? 'மண்டியிட மாட்டேன், முழங்கால் ஓய்ஞ்சு போச்சு. வேணும்னா நீ குனிஞ்சு வா'ன்னு ஆண்டவர்கிட்டயே மல்லுக்கு நிக்கான் அந்த மனுசன்! எல்லாம் சின்னச் சின்ன இங்கிலீஷ் சொல்லு. ஒரு அலங்காரம் கிடையாது. அந்தக் கடைசி வரி கட்டளையா கெஞ்சலான்னு எனக்கு இன்னும் வெளங்கல. வெளங்குற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். என்ன வேணும்னாலும் செய்யுங்க. ஒங்க சிலிர்ப்ப நீங்களே வச்சுக்கிடுங்க. ஒரே ஒரு தடவை நீங்களா படிச்சுப் பாருங்க!"

மண்டபம் அடங்கியது. யாரும் அசையவில்லை. இவ்வளவு நீண்ட மௌனத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டதே இல்லை என்று ஜெசிந்தா நினைத்தாள்.

எந்திரன் நிமிர்ந்தது. "வாழ்த்துகள் அம்மா. உங்கள் பேச்சு முழுச் சிலிர்ப்பு பெற்றிருக்கிறது. இவ்வளவு நேரமும் எல்லோரும் அதை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உங்களைப் போன்ற ரசனையாளருக்குப் புதிய சிலிர்ப்பி தேவையில்லை. வழக்கு முடிந்தது."

பெரியவர் கண்ணைத் துடைத்தபடி அவளைக் கும்பிட்டார். "என்ன பணிவும்மா ஒனக்கு!"

வெளியே வந்ததும் அவள் கைத்திரை மின்னியது. ஞானசிகாமணி அனுப்பியிருந்தான்.

'ஜெசி, யாரோ ஒரு பொம்பள பிரமாதமாப் பேசியிருக்கா. அப்படியே புல்லரிச்சுப் போச்சு. நீ அவசியம் படிக்கணும். படிச்சதும் பத்துப் பேருக்கு அனுப்பு.'