இன்னிக்கு என்ன கலர்?

கடுகுக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும். சூடு பட்டால் வெடிக்கிறாளே என்று மாமா வைத்த பெயர்தான் கடுகு. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி ஆசிரியை மட்டும்தான் கூப்பிடுவார்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை அவளுக்கு வந்தது நியாயமான கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று ஆசிரியை கரும்பலகையில் 'பசுமைப் பொருளாதாரம்' என்று பெரிதாக எழுதினார். அதன் கீழே மூன்று வரிகள் எழுதினார். மண்ணையும் நீரையும் அளவாகப் பயன்படுத்த வேண்டும். அழுக்காக்கியவரே சுத்தம் செய்ய வேண்டும். யாருடைய பிழைப்பும் கெடக் கூடாது.

எழுதிக்கொள்ளச் சொன்னார். யாரும் எழுதவில்லை. எல்லாரும் திரும்பிக் கடுகைப் பார்த்தார்கள்.

கடுகின் அப்பாவுக்குச் சொந்தமாகச் சாயப்பட்டறை இருக்கிறது. வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. அங்கே நீலச் சாயம் போட்டால் தெருவோர வாய்க்கால் நீலமாக ஓடும். சிவப்புச் சாயம் போட்டால் சிவப்பாக ஓடும். வாய்க்கால் போய் முடியும் இடத்தில் நெட்டையின் அப்பா நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். அந்தத் தண்ணீரைத்தான் அவர் பூச்செடிக்கும் கத்தரி நாற்றுக்கும் ஊற்றுகிறார்.

நெட்டை என்பவள் கடுகின் உயிர்த்தோழி. போன வாரம் வரை அப்படித்தான். தினமும் காலையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், "இன்னிக்கு என்ன கலர்?" என்று கேட்பாள். கடுகு சொல்லக் கூடாது. நெட்டையே ஊகிக்க வேண்டும். அது அவர்கள் விளையாட்டு. பண்ணையில் மூன்றாவது தடவையாக நாற்றுகள் வரிசை வரிசையாகக் கருக ஆரம்பித்ததும் விளையாட்டு நின்றது. பிறகு பேச்சும் நின்றது. நெட்டை புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

"இன்னிக்கு என்ன கலர்?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். வகுப்பே சிரித்தது. நெட்டை மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் கடுகுக்கு இன்னும் வலித்தது.

அவள் எழுந்து நின்றாள். "டீச்சர், இந்த மூணும் ஒரே நேரத்துல எப்படி நடக்கும்?"

"யோசிச்சா நடக்கும்மா."

"யார் யோசிக்கணும்?"

ஆசிரியை வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பள்ளிக்கூட மணிக்கு எப்போதும் நேரங்காலம் தெரியாது.

கடுகு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே சத்தம் கேட்டது. பண்ணைக்காரர், அதாவது நெட்டையின் அப்பா, ஒரு தட்டு நிறைய கருகிய நாற்றுகளோடு நின்றார். இன்னொரு கையில் ஒரு காகிதம். பட்டறையை மூட வேண்டும் என்று தெருவே அதில் கையெழுத்துப் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை அதை மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாராம்.

"இதோட மூணாவது தடவை விதைச்சேன், அண்ணே. மூணும் போச்சு. நான் என்னத்த விப்பேன்?"

"பட்டறையை மூடினா ஆறு குடும்பம் எங்க போகும்? என் குடும்பத்தோட ஏழு" என்றார் அப்பா.

"அப்ப தண்ணியைச் சுத்தம் பண்ணி விடுங்க."

"அவ்வளவு தண்ணியையும் எப்படிப்பா சுத்தம் பண்றது? வெயில்ல காயவச்சா சாயம் அடியில தங்கிடும், சரி. ஆனா தினம் இவ்வளவு தண்ணியைக் காயவைக்க இந்தத் தெருவையே இடிச்சுட்டுப் பாத்தி கட்டணும்."

பிறகு இரண்டு பேரும் அதையே மறுபடி முதலிலிருந்து சொன்னார்கள். பெரியவர்கள் சண்டை அப்படித்தான். ஒருவர் நாற்று என்பார், மற்றவர் ஆறு குடும்பம் என்பார். சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொன்னால் அது புதிய விஷயம் ஆகிவிடும் என்று நினைப்பு.

"நாத்தும் இருக்கணும், பட்டறையும் இருக்கணும். அதுக்கு என்ன வழின்னு ஏன் யாருமே பேச மாட்டேங்கறீங்க?" என்று கடுகு கத்தினாள்.

"பெரியவங்க பேசறப்ப நடுவுல வராத. போய் யூனிஃபார்மைத் துவை" என்றார் அப்பா.

கடுகு கொல்லைப்புறத்துக்குப் போனாள். அவள் துவைத்த விதத்தில் சட்டைக்கு உயிர் இருந்திருந்தால் அழுதிருக்கும்.

அந்த வீட்டில் துவைப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. தெருக்குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். பட்டறையின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வீட்டுக்கு ஒரு குழாய் போட்டுத் தருவதாக அப்பா சொல்லி ஐந்து வருடம் ஆகிறது. அதனால் அம்மாதான் குடம் குடமாகச் சுமந்து வருகிறார். மூன்று வாளியில் அலச வேண்டும். மூன்றாவது வாளித் தண்ணீரைக் கொட்டவே கூடாது. அடுத்த துணிக்கு அதுதான் இரண்டாவது வாளி. இரண்டாவது வாளித் தண்ணீர் அடுத்த துணிக்கு முதல் வாளி. முதல் வாளித் தண்ணீரை மட்டும்தான் கீழே ஊற்றலாம். வெள்ளைத் துணி முதலில், மாமாவின் அழுக்குச் சட்டை கடைசியில்.

கடுகு சட்டையை மூன்றாவது வாளியில் அலசிப் பிழிந்தாள். எழுந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறை தெரிந்தது. அங்கேயும் மூன்று அலசுத் தொட்டிகள். நீலத்தில் தோய்ந்த துணிகளை அன்றைக்கு மூன்றிலும் அலசி முடித்திருந்தார்கள். வழக்கம்போல மூன்றையும் காலி செய்ய, பட்டறையில் வேலை பார்க்கும் மாமா முதல் தொட்டியின் அடைப்பில் கை வைத்தார்.

கடுகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாளியை எட்டி உதைத்தாள். நல்லவேளை, அது முதல் வாளி.

"மாமா, அதைத் தொடாதீங்க."

அவள் போட்ட சத்தத்தில் மாமா கையை எடுத்துவிட்டார். அப்பா ஓடி வந்தார். பின்னாலேயே நாற்றுத் தட்டோடு பண்ணைக்காரர் வந்தார். அம்மாவும் வந்தார்.

கடுகு வீட்டுக்குள் ஓடினாள். சமையலறையிலிருந்து நான்கு கண்ணாடி டம்ளர்களை எடுத்து வந்தாள். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு டம்ளர் மொண்டாள். நான்காவது டம்ளரில் குடத்துத் தண்ணீரை ஊற்றி, திரும்பி நின்று இடம் மாற்றி, சுவர்மேல் வரிசையாக வைத்தாள்.

"அப்பா, இதுல குடிக்கிற தண்ணி எது?"

ஒரு டம்ளர் மைப்புட்டி மாதிரி இருந்தது. ஒன்று வெளிர்நீலம். மற்ற இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. அப்பா குனிந்து பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முப்பது வருடமாகச் சாயம் போடுகிறவர், நிறத்தைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கடைசியில் வலது ஓரத்து டம்ளரைக் காட்டினார்.

"அது மூணாவது தொட்டி. குடிச்சிடாதீங்க."

மாமா களுக்கென்று சிரித்துவிட்டு, அப்பா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

"வீட்டுல அம்மா ஒரு சொம்புத் தண்ணியை வீணாக்க விட மாட்டாங்க. இருபது அடி தள்ளி நீங்க தொட்டி தொட்டியாத் திறந்து விடறீங்க. நல்ல தண்ணியையும் சாயத்தோட சேர்த்து வாய்க்கால்ல கொட்டிட்டு, இவ்வளவு தண்ணியை எப்படிக் காயவைக்கறதுன்னு கேக்கறீங்க. ஏன்பா மூணையும் திறக்கணும்?"

அப்பா யோசித்தார். "என் முதலாளி அப்படித்தான் செஞ்சார்."

"அவர் பட்டறையிலயும் ஸ்விட்ச் போட்டா தண்ணி வந்திருக்கும்" என்றார் அம்மா. அதில் குழாயைப் பற்றிய ஐந்து வருடக் கோபமும் இருந்தது.

அப்பா தொட்டிகளைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மூன்றாவதை இரண்டாவதுக்கு மாற்றலாம், இரண்டாவதை முதலாவதுக்கு மாற்றலாம் என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். சட்டென்று நின்றார். "நீலத்துக்கு அப்புறம் மஞ்சள் போடணும்னா? எல்லாம் பச்சையாயிடும்."

"வெள்ளைச் சட்டையை உங்க மச்சான் சட்டைக்கு அப்புறமா துவைக்கறேன்?" என்று அம்மா கேட்டார். "வெளிர் கலரை முதல்ல போடுங்க. அழுத்தமான கலரைக் கடைசியில போடுங்க."

"என் சட்டையை ஏன் இழுக்கறே?" என்றார் மாமா. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அப்படின்னா," என்றார் அப்பா மெதுவாக, "வெளிய போறது முதல் தொட்டித் தண்ணியும் அண்டாவுல மிஞ்சற சாயமும்தான். அதைக் காயவைக்கப் பின்பக்கத்து இடமே போதும்."

"அடியில தங்கற மண்டியை எங்க கொட்டுவீங்க?" என்று கடுகு விடாமல் கேட்டாள்.

"கொட்ட மாட்டேன் தாயே. மூட்டை கட்டி, அதுக்குன்னு இருக்கற கிடங்குக்கு அனுப்பிடறேன்."

எல்லாரும் பண்ணைக்காரரைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் கோபம் குறையவே இல்லை. ஏன் குறைய வேண்டும்? கருகிய நாற்று அவர் கையில்தானே இருந்தது.

"நல்லா பேசறீங்க. என் நாத்து பேச்சைக் குடிச்சு வளராது" என்றார். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ஒரு மாசம் பாக்கறேன். வாய்க்கால்ல ஒரு சொட்டுக் கலர் தெரிஞ்சா இது நேரா அலுவலகம்தான்."

"கருகின நாத்துக்கும் நான்தான் பொறுப்பு. விதையும் மண்ணும் நான் கொண்டுவந்து இறக்கறேன்" என்றார் அப்பா. இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

பாத்தி கட்டி முடியும்வரை பட்டறை ஓடவில்லை. சாயம் போடுகிற ஆறு பேரும் சிமெண்ட் குழைத்தார்கள். பதினோராவது நாள் பட்டறை மறுபடி ஓடியது. முதலில் மஞ்சள், பிறகு பச்சை, கடைசியில் கருநீலம்.

கடுகு தினமும் பள்ளி விட்டதும் பையோடு நேராகப் பட்டறைக்குப் போய் மூன்று தொட்டிகளையும் பார்த்தாள். ஒருநாள் மாமா பழக்கதோஷத்தில் இரண்டாவது தொட்டியின் அடைப்பைத் தொட்டார். அன்று அவள் போட்ட சத்தம் நாற்றுப்பண்ணை வரை கேட்டதாம். அதற்குப் பிறகு மாமா அந்த அடைப்பைப் பார்ப்பதற்கே பயந்தார்.

ஒரு மாதம் கழிந்த மறுநாள், கடுகு வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தொப்பென்று ஒரு பை விழுந்தது. நெட்டை வந்து உட்கார்ந்தாள். அவள் கையில் ஈர மண்ணோடு ஒரு காகிதக் கப். அதில் இரண்டு இலை விட்ட கத்தரி நாற்று. கப்பைச் சுற்றியிருந்தது நான்காகக் கிழித்த காகிதத்தின் ஒரு துண்டு. அதில் யாருடையதோ பாதிக் கையெழுத்து தெரிந்தது.

"கேளு" என்றாள் நெட்டை.

"என்ன கேக்கணும்?"

"எப்பவும் நான்தானே கேப்பேன். இன்னிக்கு நீ கேளு."

கடுகு கப்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "இன்னிக்கு என்ன கலர்?"

"தண்ணிக் கலர்."

அன்று முழுவதும் கடுகுக்கு யார் மீதும் கோபம் வரவில்லை. கணக்கு வகுப்பில் மட்டும் கொஞ்சம் வந்தது.