நாரை நின்ற இடம்

ஏரியின் நடுவில், இரண்டு ஆள் ஆழமுள்ள இடத்தில், அந்தச் சாம்பல் நாரை கணுக்கால் மட்டும் நனைய நின்றுகொண்டிருந்தது.

அவன் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தான். போன வாரம் அங்கே ஆகாயத்தாமரை மெத்தைபோலப் படர்ந்திருந்தது. நாரை அதன் மேல்தான் நின்றது. மச்சினனைத் தேடி வந்த மீட்புப் படையினர் ஓர் இலை விடாமல் வாரிக் கரையில் போட்டுவிட்டார்கள். அந்தக் குவியல் இப்போது அழுகி, அவன் முதுகுக்குப் பின்னால் குடலைப் புரட்டும்படி நாறிக்கொண்டிருந்தது. உடல் கிடைக்கவில்லை. நேற்றோடு தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

வலசை வந்த உள்ளான்கள் சேற்றோரம் கீச்சிட்டபடி இரை பொறுக்கின. பக்கத்தில் நின்ற மனைவிக்கு அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. தம்பி போன இடத்தை ஒருமுறை காட்டச் சொல்லி அவள்தான் அவனை இழுத்து வந்திருந்தாள்.

“அந்தப் பறவை நிக்கிற இடமா?”

“ம்.”

“அங்க ஆழமே இல்லையேங்க. அதோட கால்கூட முழுசா நனையல.”

மச்சினனும் அன்று ஆழத்தைப் பற்றித்தான் கேட்டான்: “ஆழமா இருக்காதா மாமா?” இவனுக்கு நாரை சிறகு விரிப்பதைப் படமெடுக்க வேண்டும், யாராவது போய்க் கலைத்தால்தான் அது பறக்கும். அதன் காலுக்கடியில் இருப்பது வெறும் மிதக்கும் செடி என்று தொலைநோக்கியில் பளிச்சென்று தெரிந்தது. ஊரார் பார்வையைத் திருத்தும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனான இவனுக்கு அதுகூடவா தெரியாது? தெரிந்தும் சொன்னான்: “நாரையே கணுக்கால் தண்ணியிலதான் நிக்குது. உனக்கென்ன கேடு, போடா.” கொஞ்சம் நனைவான், அவ்வளவுதானே என்று நினைப்பு.

“கொக்குக்கு ஒன்றே மதி. உங்களுக்கும் அதே மதிதான் மாமா,” என்று சிரித்துக்கொண்டே இறங்கினான் பாவி. பிறகு “மாமா” என்று அலறினான். அப்போதும் இவன் விரல் கேமராவை விடவில்லை. படம் நன்றாக வந்திருந்தது.

“அவனுக்குத் தண்ணின்னாலே பயமாச்சே. யாருங்க போகச் சொன்னா?”

“அவனாத்தான் போனான்.”

நாரை கரைப்பக்கம் சற்று நகர்ந்திருந்தது.

“நீங்க தடுக்கலயா?”

“தடுத்தேன். கேக்கல.”

இன்னும் கிட்டே. அவன் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். நாரை ஒரு காலை மடக்கி, ஒற்றைக் காலில் அசையாமல் நின்றது. நின்றபடியே வந்துகொண்டிருந்தது. அதன் இரு பக்கமும் தண்ணீர் பிளந்து விலகியது.

“சத்தியமா?”

“சத்தியமா.”

உள்ளான்கள் மொத்தமாக எழுந்து பறந்தன. அதன்பின் சத்தமே இல்லை. அழுகல் நாற்றம் மட்டும். இப்போது முன்னாலிருந்தும் வந்தது.

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம்.

கரையை நெருங்க நெருங்க ஆழம் குறையும். இரண்டு ஆள். ஓர் ஆள். அப்புறம் கழுத்து.

“என்னங்க,” என்றாள் மனைவி மெதுவாக. “அந்தப் பறவை ஏன் உசந்துகிட்டே வருது?”

நாரையின் கணுக்கால் வெளியே வந்தது. விரல்கள் வந்தன. விரல்களுக்கு அடியில் ஈரத் தலைமுடி. நெற்றி. திறந்த கண்கள். அவை அக்காவைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தன.

வாய் மட்டும்தான் இன்னும் தண்ணீருக்குள் இருந்தது.