பதினெட்டு வினாடி டெலனி

வீடியோவில் டெலனிக்குப் பின்னால் இருந்த கதவு ஒரு விரல்கடை திறந்திருந்தது.

அது அவளே எடுத்த பதினெட்டு வினாடிப் படம். ஆன்லைன் வகுப்பில் கேமராவுக்குப் பதிலாக அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கட்டிலில் சுருண்டு கிடப்பாள். இந்தக் கொரோனா காலத்தில் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பாதிப் பிள்ளைகள் செய்கிற திருட்டுத்தனம்தான். படத்து டெலனி தலையாட்டுவாள், சிரிப்பாள், கட்டைவிரலை உயர்த்துவாள். பாடம் நடத்தும் ஹூக்ஸ்ட்ரா சாருக்கு அது போதும். ஆனால் படம் எடுத்த அன்று அம்மாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். நிஜக் கதவு சாத்தித்தான் இருந்தது.

முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த அம்மா ரோண்டா, இருமலோடு வந்து அந்த அறைக்குள் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. "உள்ள வராதடீ. தினமும் காலைல ரெண்டு தட்டு தட்டுறேன், நல்லா இருக்கேன்னு அர்த்தம். ஸ்கூல்ல வாயைத் திறந்து தொலைக்காத, கவர்ன்மெண்ட்காரங்க உன்னைத் தூக்கிட்டுப் போய் எவ வீட்லயோ விட்ருவாங்க."

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தட்டல் இல்லை. இன்று வியாழன்.

கதவடியில் அடைத்திருந்த துண்டு பழுப்பாக ஊறி, வெளியே வைத்த பீன்ஸ் தட்டுகளில் சாம்பல் பூஞ்சை மயிராக வளர்ந்து, ஹீட்டர் சூடு ஊதும்போதெல்லாம் அழுகிய இறைச்சியும் இருமல் மருந்தின் செர்ரி வாசனையும் கலந்து தொண்டைவரை வழவழவென்று இறங்கியது. சீ! அதே நாற்றத்தில் உட்கார்ந்து நேற்று சிப்ஸ் தின்றாளே, அவளெல்லாம் ஒரு மகளா?

போதும். இன்று சாரிடம் சொல்லிவிட வேண்டும். எவள் வீட்டில் விட்டாலும் சரி.

"குட் மார்னிங் பசங்களா," என்றார் ஹூக்ஸ்ட்ரா. "மைக் எல்லாத்தையும் அணைச்சிருக்கேன், நேத்து காட்டுக் கத்தல். நல்லா இருக்கறவங்க கட்டைவிரலைக் காட்டுங்க."

டெலனி வீடியோவை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். படத்து டெலனி சிரித்துக்கொண்டே இருந்தாள்.

மறுபடி அழுத்தினாள். படத்தில் கதவு முக்கால்வாசி திறந்திருந்தது.

"சார்!" என்று கத்தினாள். "சார், எங்கம்மா..."

மைக் அணைந்திருந்தது. அரட்டைப் பெட்டியில் தட்டினாள். எழுத்து விழவில்லை.

படத்தில் கதவு முழுதாகத் திறந்தது. உள்ளே இருட்டு. ஈக்கள்.

அவளுக்குப் பின்னால் ஈரத் துண்டு தரையில் இழுபடும் சத்தம்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"அட, ரோண்டா!" ஹூக்ஸ்ட்ராவின் முகம் மலர்ந்தது. "இன்னிக்கு வேலைக்குப் போகலையா? டெலனி, அம்மா வீட்ல இருக்காங்கன்னு சொல்லவே இல்லியே!"

திரையில் அம்மா. நீலச் சீருடை. உப்பிய முகம். திறந்த வாய்க்குள் ஏதோ வெள்ளையாக நெளிந்தது. அம்மாவின் கை படத்து டெலனியின் தோளில் படிந்தது.

நிஜத் தோளில் ஏதோ கனத்தது. குளிர்ந்து, சொதசொதவென்று, சட்டைக்குள் வழிந்தது. இரண்டு முறை தட்டியது.

டெலனி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரையில் அவள் சிரித்தபடி கட்டைவிரலை உயர்த்தினாள்.

"சூப்பர்," என்றார் ஹூக்ஸ்ட்ரா. "எல்லாரும் நல்லா இருக்கீங்க. பாடத்துக்குப் போவோமா?"