பூட்டை எடுத்தவள்

இந்தக் காலத்தில் வாசலில் நின்று "உள்ளே யாருங்க?" என்று கேட்கும் பொறுமை யாருக்கும் இல்லை. கதவு சாத்தியிருந்தால் தட்டுவதில்லை, தள்ளுகிறார்கள். தள்ளியும் திறக்கவில்லையா, எப்படி உடைப்பது என்று கையிலிருக்கும் போனைக் கேட்கிறார்கள். எவனோ எழுதி வைத்ததை அது எடுத்துக் காட்டுகிறது. அவன் யார், எந்தக் கதவுக்காக எழுதினான், இந்தக் கதவுக்கு அது பொருந்துமா… ஒரு கேள்வி கிடையாது. உடைத்த பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார்கள்.

அந்தப் பெண்ணும் அப்படித்தான் நின்றாள்.

ஆபீஸில் அவளுக்குப் 'புதுசு' என்று பேர். சேர்ந்து சில மாதம் ஆகியும் அந்தப் பேர் அவளை விடவில்லை. பெரிய கண்கள். பயந்தால் இன்னும் பெரிதாகும்… அவள் பயப்படாத நேரமே கிடையாது. அவளுடைய அப்பா பஸ் ஏற்றும்போதே சொல்லிவிட்டார். "வேலை நிரந்தரமாச்சுன்னா இரு. இல்லேன்னா நேரா வீட்டுக்கு வந்து, நாங்க காட்டுற மாப்பிள்ளைக்குத் தலையாட்டு." நிரந்தரம் என்ற காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை.

அவள் ஆபீஸுக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற சின்ன ஆஸ்பத்திரி. யாருக்கு எந்தப் படுக்கை, யார் உடம்பிலிருந்து எவ்வளவு நீரை இழுக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேயுள்ள ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள். அதைப் பார்த்துக்கொள்வது இவள் கம்பெனி. ஆபீஸில் உட்கார்ந்தபடியே அதற்குள் போய் வருவார்கள். எப்படி என்று கேட்டால், போகலாமாம். அவ்வளவுதான்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிற மென்பொருளுக்கு அடியில் ஃபிரேம்வொர்க் என்று ஒன்று இருக்கிறது. வீட்டுக்குத் தூணும் உத்திரமும் மாதிரி. நன்றாக நிற்கிற தூணைப் பிடுங்கிவிட்டுப் புதுத் தூண் நடுவது இவர்களுக்கு ஒரு வேலை. லேட்டஸ்ட் வெர்ஷன் வந்துவிட்டதாம்!

"மத்தியானம் நோயாளிங்க வர்றதுக்குள்ள புது வெர்ஷனைப் போட்டு முடிச்சிடும்மா" என்றார் மேனேஜர்.

அவள் போன் செய்தாள். எதிர்ப்பக்கத்து ஆஸ்பத்திரியிலும் கம்பெனி ஆள் ஒருத்தன் உண்டு; 'நெட்டை' என்பார்கள், அவள் ஆளைப் பார்த்ததில்லை. யார் உள்ளே கை வைத்தாலும் மற்றவருக்குச் சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். மணி அடித்தது… அடித்தது… எடுப்பார் இல்லை. ஆள் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கட்டளையைத் தட்டினாள்.

'பூட்டியிருக்கிறது. உள்ளே வேறொரு நிறுவல் நடக்கிறது' என்றது திரை.

லினக்ஸுக்கு அந்த நல்ல குணம் உண்டு. ஒருவர் எதையாவது ஏற்றிக்கொண்டிருக்கும்போது அடுத்தவரை உள்ளே விடாது. காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். அதே பதில். நேற்றைக்கு ஏதோ பாதியில் நின்று பூட்டு மட்டும் கிடக்கிறதோ? போனில் தேடினாள். யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான், பூட்டுக் கோப்பை அழித்துவிடு, சரியாகிவிடும் என்று.

அழித்தாள். புது வெர்ஷன் மளமளவென்று ஏறத் தொடங்கியது. 'அப்பாடா…' என்று மூச்சு விட்டாள்.

அந்த மூச்சு முடிவதற்குள், அவள் தட்டாத எழுத்துகள் அவள் திரையில் தாமாக வந்தன.

'யாரது பூட்டை எடுத்தது? நான் உள்ளே இருக்கேன்!'

திருடனா? ஆஸ்பத்திரி விவரமெல்லாம் திருட வந்தவனா? 'யார் நீங்க?' என்று தட்டினாள்.

'நெட்டை. ஆஸ்பத்திரியில இருந்து. புது வெர்ஷன் பாதி ஏத்திட்டிருந்தேன். ஐயோ… கையை எடுங்க, ப்ளீஸ்!'

அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரே குழிக்குள் ரெண்டு பேர் ரெண்டு தூணை ஒரே நேரத்தில் இறக்கியிருக்கிறார்கள். இதுவும் பாதி, அதுவும் பாதி.

மேசைப் போன் அலறியது. ஆஸ்பத்திரி நர்ஸ். "ஏம்மா, ஸ்க்ரீன் வெள்ளையா நிக்குது. ஆளுங்க வந்துட்டாங்க. ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்குது. எவ்வளவு தண்ணி இழுக்கணும்னு உங்க பொட்டிக்குள்ளதான் இருக்கு. நான் குத்துமதிப்பா இழுக்க முடியாது, தெரியுமில்ல?"

வெளியே மழை. குடை எங்கே என்று பார்க்கவில்லை… ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கம்ப்யூட்டர் இருக்கும் சர்வர் அறை, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு குளிர்ப்பெட்டி. கதவை அவள் தள்ளிய வேகத்தில் உள்ளேயிருந்தவன் திரும்பினான். பேருக்கேற்ற நெட்டை. பரட்டைத் தலை. நாற்காலி அவனுக்குப் போதாமல் முழங்கால் மேசையில் இடித்துக்கொண்டிருந்தது. அவளும் பார்த்தாள், அவனும் பார்த்தான்… மழைநீர் அவள் இமையிலிருந்து சொட்டிக் கன்னத்தில் வழிந்தது. அவன் கண்ணிலும் பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. அது என்னவென்று பார்க்க அவளுக்கு நேரமில்லை.

"நான்தாங்க… பூட்டை எடுத்தது" என்றாள்.

குரலைக் கேட்டதும் அவன் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"உங்களைத் திருடன்னு நினைச்சிட்டேன்" என்றாள் அவளே.

"திருடன் வந்து, 'நான் உள்ளே இருக்கேன்'னு சொல்லுவானாங்க?"

"நல்ல திருடனா இருக்கலாமில்ல?"

சிரிப்பு வர வேண்டிய இடம். ரெண்டு பேருக்கும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெரியவர் சக்கர நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது. பக்கத்தில் அவர் மகள் அவர் முதுகைத் தடவியபடி, கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த இருவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க பார்க்காதீங்க" என்றான் நெட்டை. "பார்த்தா எனக்குக் கை வராது. உட்காருங்க. முதல்ல அரைகுறையா நிக்கிறதையெல்லாம் முடிக்கச் சொல்லுவோம்."

"முடிக்காதுங்க. உங்களோடதும் என்னோடதும் கலந்து கிடக்கு. என்னோடதைக் கழட்டிட்டு அப்புறம் முடிக்கச் சொல்லணும்."

"கழட்டும்போது மொத்தமும் சரிஞ்சா?"

"சரிஞ்சா… என்னைக் கேட்காதீங்க. நீங்க தட்டுங்க, நான் பார்க்கறேன்."

ஒருவர் தட்ட, மற்றவர் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க, வேலை நகர்ந்தது. திரையில் வரிகள் ஓடும். நிற்கும். நின்றால் அவள் மூச்சும் நிற்கும். மறுபடி ஓடும். ஒரு தடவை சிவப்பாக ஒரு வரி வந்தபோது அவள் தன்னையறியாமல் அவன் சட்டைக் கையைப் பிடித்துவிட்டாள். அவன் அந்தக் கையை அசைக்கவேயில்லை. ஒற்றைக் கையால் தட்டினான்.

கடைசியில் வெளியேயிருந்து நர்ஸ் குரல். "ஸ்க்ரீன் வந்துடுச்சு! பெரியவரைத் தூக்குங்கப்பா!"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல், கம்ப்யூட்டர் துடைக்கிற துணியை எடுத்து நீட்டினான்.

"இதுல தூசி இருக்குங்க…"

"பரவாயில்ல, குடுங்க" என்றாள். அப்போதுதான் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு அன்று சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

மேனேஜர் ரெண்டு பேரையும் தன் அறையில் நிறுத்தினார். "பூட்டு இருக்குன்னு தெரிஞ்சும் உடைச்சிருக்கே. ஏம்மா, ஒரு போன் பண்ணத் தெரியாதா?"

"பண்ணினேன் சார். ரொம்ப நேரம் அடிச்சுது. யாரும் எடுக்கல."

மேனேஜர் திரும்பினார். "ஏம்ப்பா, போன் வந்துதா?"

நெட்டை அவளைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"வரல சார்."

அவளுக்குக் காது அடைத்தது. மதியம் தன் கை பிடித்திருந்த அதே சட்டைக் கை, அதே ஆள்! 'பண்ணினேன்' என்று இன்னொரு தடவை சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? அவன் பழைய ஆள். அவள் புதுசு.

"தப்பு பண்றவங்களை வச்சுக்கலாம். பொய் சொல்றவங்களை எப்படிம்மா வச்சுக்கறது? திங்கட்கிழமை முடிவு சொல்றேன்" என்றார் மேனேஜர்.

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அவள் தூங்கிய மாதிரியே இல்லை. அப்பா போனில் கூப்பிடும்போதெல்லாம், "எல்லாம் நல்லாப் போகுதுப்பா" என்றாள். சொல்லும்போதே, திங்கட்கிழமைக்குப் பிறகு இதே வாயால் என்ன சொல்லப்போகிறோம் என்று நினைத்தாள். வேலை போவது ஒரு பயம். அதைவிடக் கேவலமான இன்னொரு பயமும் இருந்தது… அவன்மேல் கோபம் வர வேண்டிய அளவுக்கு வரவில்லையே! ஒற்றைக் கையால் தட்டினானே, அந்த விரல்கள்தான் கண்ணை மூடினால் வந்தன. 'சீ, புத்தி கெட்டவளே!' என்று தன்னையே திட்டிக்கொண்டு துணிகளைப் பைக்குள் திணித்தாள்.

திங்கட்கிழமை அந்தப் பையோடுதான் ஆபீஸ் போனாள். சொல்லிவிட்டால் அப்படியே பஸ் ஏறிவிடலாம். மேனேஜர் அறைக்குள் கால் வைத்தவள் நின்றுவிட்டாள். நெட்டை ஏற்கெனவே உள்ளே நின்றிருந்தான். நனைந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது.

"போன் வந்துது சார்" என்றான். "என் கைக்குப் பக்கத்துலதான் இருந்துது. நான்தான் எடுக்கல. புது வெர்ஷன் வந்துதேன்னு நானா ஏத்த ஆரம்பிச்சேன், உள்ளே போறேன்னு முதல்ல சொல்லியிருக்கணும். அதையும் சொல்லல. அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"ஏன்டா எடுக்கல? அப்படி என்ன வெட்டி முறிச்சே?"

"பயம் சார்."

"போனுக்கா?"

"அவங்க குரலுக்கு."

மேனேஜர் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன மாசம் ஒரு தடவை பேசினாங்க. 'வணக்கம்ங்க, புதுசு பேசறேன்'னாங்க. அன்னைலேர்ந்து அந்த நம்பர் அடிச்சாலே எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்குது. எடுத்தா உளறிடுவேன்னு… விட்டுட்டேன்."

"அடப்பாவி, அங்க ஒரு பெரியவருக்கு மூச்சு நின்னிருக்கும்டா!"

"தெரியும் சார். அதான் தூங்க முடியல."

மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நீ பையைக் கொண்டு போய் உன் மேசைக்கடியில வைம்மா. அடுத்த தடவை பூட்டைத் தொட்டே, கையை ஒடிப்பேன். டேய், நீ… உன்னை என்ன பண்றதுன்னு நாளைக்குச் சொல்றேன். வெளிய போங்க ரெண்டு பேரும்!"

மாடிப்படி வளைவில் ஜன்னலோரம் நின்றார்கள். கண்ணாடியில் மழை கோடு கோடாக இறங்கியது. அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்னைப் பொய்க்காரியாக்கிட்டு இப்ப வந்து குரல், நாக்குன்னா… இதை நான் நம்பணுமா?"

"நம்ப வேணாம். சொல்லணும்னு தோணுச்சு. சொல்லிட்டேன்."

"முழுசாச் சொல்லுங்க. பாதியில நிறுத்தினா என்ன ஆகும்னு பார்த்தீங்கல்ல?"

அவன் நிமிர்ந்தான். "உங்களைப் பிடிச்சிருக்குங்க. குரலை மட்டும்னு நினைச்சிட்டிருந்தேன்… நனைஞ்சு வந்து கதவைத் தள்ளினீங்களே, அதுக்கப்புறம் மொத்தமாவே. நாளைக்கு வேலை இருக்குமான்னு தெரியல. இப்பவும் கை நடுங்குது. பாருங்க."

அவள் பார்த்தாள். நிஜமாகவே நடுங்கியது. வேலை தப்பிவிட்டது, இனி பயமில்லை என்று நினைத்துத்தான் படியிறங்கினாள். அந்தக் கையைப் பார்த்ததும் வேறொரு பயம் கிளம்பியது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"என்னைப் பார்த்தா?"

"இல்ல… நாளைக்கு அந்தப் பக்கத்துக்குப் போன் பண்ணும்போது, வேற யாராவது எடுத்துட்டா என்ன பண்றதுன்னு."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் அந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான். புரிந்ததும் சிரித்தான் பாருங்கள், பரட்டைத் தலைக்கு அது ஒன்றுதான் அழகு.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று யார் சொன்னது? ஆனால் பயத்தில் ஒரு பொய் சொன்னவன், அடுத்த பயத்துக்கு இன்னொன்று சொல்ல மாட்டான் என்று யார் ஜாமீன்? பூட்டியிருக்கிறது என்று எழுதியே காட்டியும் உடைத்துக்கொண்டு போனவள், ஆளைச் சரியாகத்தான் பார்த்திருப்பாள் என்று எதைக் கண்டு நம்புவது? கேட்டால் காதல் என்பார்கள். என்னவோ… ரெண்டும் சின்னஞ்சிறுசுகள், பிழைத்துப் போகட்டும். மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. நாம் நின்று பார்த்தது போதும், நடையைக் கட்ட வேண்டியதுதான்.