விண்ணரசி ஓடினாள்

"இது யாரு செருப்புடி?"

கிழக்கு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. முந்திரித் தோப்புப் பக்கமிருந்து வேர்வையில் குளித்தவளாக வந்த விண்ணரசி, வாசலிலேயே நின்றுவிட்டாள். முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்த கேன்வாஸ் ஷூவை மாமியார் மரிய புஷ்பம் பிடுங்கி, தெருவுக்கே தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தாள்.

"ஆம்பள செருப்பு! இருட்டோட எந்திரிச்சுத் தோப்புக்குப் போறா... மூச்சு வாங்கத் திரும்பி வரா... வரதராசன்பேட்டையே சிரிக்குதுடி!"

"அய்யோ, அத்தை, அப்படிப் பேசாதீங்க. இது அரியலூரு இல்லத்து மதர் குடுத்தது. நான்... நான் ஓடப் போறேன்."

"எவனோடடி?"

விண்ணரசிக்கு உடம்பே கூசியது. விவரத்தைச் சொன்னாள். ஐப்பசிப் புயலில், இளம்பிள்ளைவாதம் வந்த பிள்ளைகள் தங்கியிருக்கும் அரியலூர் இல்லத்தின் கூரை விழுந்துவிட்டது. அதைக் கட்டப் பணம் சேர்க்க, மாசியில் ஆண்டிமடத்திலிருந்து அரியலூர் வரை ஒரு மாரத்தான் ஓட்டம். ஓடுகிறவர்கள் தாண்டுகிற ஒவ்வொரு மைலுக்கும் தெரிந்தவர்கள் காசு கொடுப்பார்கள். முந்திரி உடைக்கிற பெண்கள் இவள் பெயருக்கு நாலணா, எட்டணா என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில்கூட ஓடியறியாதவள். முதல் நாள் தோப்பு வரப்பைத் தாண்டுவதற்குள் விலா பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இப்போதுதான் ஆண்டிமடம் வரைக்கும் போய்த் திரும்ப முடிகிறது.

"என் மக அங்கதானே அத்தை படுத்திருக்கா... ஒழுகுற எடத்துல..."

உள்ளேயிருந்து நாத்தனார் ஞானசௌந்தரி வந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருப்பவள்.

"மக நெனப்பு இப்பதான் வந்துச்சா அண்ணி? காலு வெளங்கலன்னதும் பெத்த புள்ளையக் கொண்டு போயி தள்ளுனவங்கதானே நீங்க! என் வயித்துல இது பொரளும்போதெல்லாம் நெனச்சுக்குவேன்... ஒரு தாயிக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ!"

விண்ணரசி புருஷனைப் பார்த்தாள். பள்ளிக்கூட வாத்தியார் தேவசகாயம், சட்டைப் பித்தானை மாட்டியபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உண்மை அவனுக்குத் தெரியும். அவனுக்கும் அவன் தாய்க்கும் மட்டும்தான் தெரியும்.

ஞானசௌந்தரி திருச்சியில் டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவளுக்கு நல்ல வரன் வந்தது. "கால் இழுத்துக்கிட்டு ஒரு புள்ள நடுவூட்டுல தவழ்ந்தா, குடும்பத்து நோயின்னு ஓடிருவான். கல்யாணம் முடியற வரைக்கும்தான்" என்றாள் மரிய புஷ்பம். தேவசகாயம் மனைவியின் கையைப் பிடித்து அழுதான். "தங்கச்சிக்குத் தெரிஞ்சா கல்யாணமே வேணாம்னுருவா... சொல்ல மாட்டேன்னு ஏலாக்குறிச்சி மாதா பேருல சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தாள். மூன்று வயது அடைக்கலமேரியை இல்லத்தில் விட்டுவிட்டு, பஸ்ஸில் மடி காலியாகத் திரும்பினாள். கல்யாணம் முடிந்தது. "சம்பந்தி வூட்டுக்கு ஹாஸ்டல்ல படிக்குதுன்னுல்ல சொல்லியிருக்கோம், இப்ப எப்படிக் கூட்டியாறது?" என்றாள் மாமியார். வருஷங்கள் ஓடின. எப்போதாவது யாருக்கும் தெரியாமல் இல்லத்துக்குப் போய் வந்தவள் விண்ணரசி மட்டும்தான். பெற்றவளே வேண்டாமென்றுவிட்டாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அதை யார் கட்டிவிட்டார்கள் என்று விண்ணரசி கேட்டதே இல்லை.

இப்போதும் அவள் சத்தியத்தை மீறவில்லை. மரிய புஷ்பம் ஷூவை எரிகிற அடுப்பில் போட்டாள்.

"அந்த நொண்டி பேரச் சொல்லி ரோட்டுல ஓடுனீன்னா, இந்த வூட்டு வாசல மிதிக்காத. சொல்லிட்டேன்!"

ரப்பர் கருகும் நாற்றம் வீடெங்கும் பரவியது. தேவசகாயம் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

விண்ணரசி மறுநாளும் தோப்புக்குப் போனாள். வெறுங்காலோடு.

ஓட்ட நாளன்று ஆண்டிமடத்தில் கூடியவர்களில் பாதிப்பேர் காலேஜ் பையன்கள், சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிற வாலிபர்கள். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி நின்ற அவளைப் பார்த்து ஒருவன் சிரித்தான். கொடி அசைந்ததும் அத்தனை பேரும் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அவள் அவசரப்படவில்லை. ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் ஜனம் வேடிக்கை பார்த்தது. "பொம்பள ஓடுதுடோய்!" என்று யாரோ கத்தினார்கள். டீக்கடைக்காரர் ஒருவர் மட்டும் ஒரு சொம்புத் தண்ணீரோடு கூடவே ஓடி வந்து கொடுத்தார். வெயில் ஏறியது. தார் உருகி உள்ளங்காலைச் சுட்டது. ஓட முடியாதபோது நடந்தாள். நடக்க முடியாதபோது புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதம் வெடித்து, மிதித்த இடமெல்லாம் ரத்தம் ஒட்டியது. ஏன் பேசாமலிருந்தோம்... யாருக்காகப் பேசாமலிருந்தோம்... மூச்சுக்கு மூச்சு அந்தக் கேள்விதான் வந்தது.

அரியலூர் நெருங்கும்போது பின்னாலிருந்து வந்த பஸ் சடக்கென்று நின்றது. நிறைவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஞானசௌந்தரி இறங்கினாள். அவள் பின்னால் தேவசகாயம்.

"அண்ணீ...!"

நடுரோட்டிலேயே ஓடி வந்து விண்ணரசியைக் கட்டிக்கொண்டாள்.

"காலையில அம்மா ஒங்கள வாயில வந்தபடி ஏசுனாங்க... நானும் கூடச் சேர்ந்து பேசுனேன். அண்ணன் சோத்துத் தட்டத் தூக்கி எறிஞ்சுட்டுச் சொல்லிருச்சு அண்ணி! என் தாலிக்காகவா... என் தாலிக்காகவா ஒங்க மடிய காலி பண்ணீங்க? ஒங்களப் போயி என்னென்ன பேசிட்டேன்! என்னைச் செருப்பால அடிங்க அண்ணி!"

"அழாத தாயி. வயித்துப் புள்ளைக்கு ஆவாது." அவள் கண்ணீரை விண்ணரசி தன் முந்தானையால் துடைத்தாள். "நீ என்ன பண்ணுவ... ஒனக்குத் தெரியாது."

"பஸ்ஸுல ஏறுங்க. கால் கிழிஞ்சு கெடக்கு."

"இன்னும் கொஞ்ச தூரந்தான். ஓடி முடிச்சுட்டு வரேன்."

மீண்டும் ஓடினாள். பிள்ளைத்தாய்ச்சியான ஞானசௌந்தரியும் பஸ் ஏற மறுத்துவிட்டாள்; தேவசகாயம் அவளைத் தாங்கிப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்தான்.

வென்றவர்களெல்லாம் மாலை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஆனாலும் இல்லத்தின் பிள்ளைகள் வாசலை விட்டு நகரவில்லை. "அடைக்கலத்தோட அம்மா வராங்க!" என்று அத்தனை பேரும் கூவினார்கள். கக்கத்துக் கட்டைகளை ஊன்றியபடி முன்னால் வந்தாள் அடைக்கலமேரி. விண்ணரசி அவள் முன்னால் அப்படியே மண்டியிட்டு விழுந்தாள். வாய்விட்டு அழுதாள்.

"எங்க கூரைக்காகவாம்மா ஓடுனீங்க?"

"ஆமாண்டி தங்கம்... ஆமா..."

தேவசகாயம் வந்து சேர்ந்தான்.

"தப்புதான் விண்ணரசி... நான் ஆம்பளையே இல்ல. புள்ளையக் கூட்டிக்கிட்டு வூட்டுக்குப் போயிடலாம். அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

எத்தனையோ இரவுகள் அவள் ஏங்கிக் கிடந்த சொல்! இப்போது அது காதில் விழுந்தது, நெஞ்சில் விழவில்லை.

"அடைக்கலம்... இவுக கூப்பிடறாங்க. போவோமா?"

பிறந்தநாளுக்கு இல்லத்துக்குப் பிஸ்கட் கொண்டு வருகிற வெளியாட்களுக்கு வணக்கம் வைக்கிற மாதிரி, அடைக்கலமேரி கைகளைக் குவித்தாள்.

"வணக்கம் சார்."

தேவசகாயம் முகத்தை மூடிக்கொண்டு வாசற்படியில் சரிந்தான்.

விண்ணரசி மெதுவாக எழுந்தாள். "மதரு சமையக்கட்டுக்கு ஆள் தேடுறாங்க. நான் இங்கயே இருந்துக்கறேங்க. ஞாயித்துக்கெழமைல நீங்க வாங்க. மொதல்ல நீங்க யாருன்னு அவளுக்குத் தெரியட்டும்."

"அப்ப நான்?" ஞானசௌந்தரி விசும்பினாள். "எனக்கு யாரு இருக்கா அண்ணி?"

"வலி எடுத்தா ஆள் அனுப்பு. ஒனக்காக அந்த வூட்டு வாசல மிதிப்பேன். வேற எதுக்காகவும் இல்ல."

மகளின் தோளில் கை வைத்தாள். கட்டை ஊன்றி அவளும், கிழிந்த பாதத்தை இழுத்து இவளும், ஒரே நடையில் நொண்டியபடி இருவரும் உள்ளே போனார்கள்.