வீரலட்சுமி கைகாட்டிய பெட்டி

தனுஷ்கோடியில் அன்று மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது. ஐப்பசிக் காற்று கடலையும் மணலையும் சேர்த்து வாரிச் சுங்கக் கொட்டகைக்குள் வீச, வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் துடைத்துத் துடைத்து அலுத்துப் போயிருந்தார்கள். வரிசை மட்டும் நகரவே இல்லை.

வீரலட்சுமிக்குப் பொறுமை போய்விட்டது. கொழும்பில் அக்காவின் பிள்ளைப்பேற்றுக்குப் போய்விட்டு அய்யாவோடு திரும்பிக்கொண்டிருந்தாள். கப்பலில் தொடங்கிய குமட்டல் இன்னும் அடங்காமல், அய்யா டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். அவள் தகப்பனார், இராமநாதபுரத்தில் பஸ் கம்பெனி நடத்தும் மலையாண்டி முதலாளி, தரையில் எந்த வேகத்துக்கும் அசராதவர். தண்ணீரில் கொஞ்ச நேரம் போதும், ஆள் காலி. நாளைக் காலையில் வீரலட்சுமிக்குப் பள்ளிக்கூடம். பெண்கள் பள்ளியில் சரித்திர டீச்சர் அவள். எடுத்த லீவு முடிந்துவிட்டது. வெளியே ரயில் நிற்கிறது... கார்டு ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்து முறைத்துவிட்டும் போய்விட்டார்.

எல்லாவற்றுக்கும் காரணம், வரிசையின் முன்னால் இரண்டு மரப்பெட்டிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்திருந்த ஒருவன். இந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பான். பெருமூச்சு விடுவான். அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பான். மறுபடி பெருமூச்சு. சுங்க அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

வீரலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே முன்னால் போனாள்.

"ஏங்க... நீங்க சாவகாசமாப் பார்த்து முடிக்கிறவரைக்கும் நாங்கள்லாம் இங்கனயே குடியிருக்கணுமா?"

அவன் நிமிர்ந்தான். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. புருவத்திலிருந்து ஒரு துளி இறங்கி மூக்கு நுனியில் நின்றது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அவளையே பார்த்தான். கோபத்தில் விரிந்த கண்கள்... மழை வருமுன் கடல் கறுக்குமே, அந்தக் கறுப்பு. இப்படி ஒரு கண்ணை வைத்துக்கொண்டு இந்தப் பெண் ஏன் திட்டுகிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. திட்டினால்தான் கண் இப்படி இருக்குமோ என்றும் தோன்றியது.

"ஒரு நிமிசங்க... எதுன்னு முடிவு பண்ணிட்டாப் போதும்" என்றான்.

பக்கத்தில் நின்ற கீழக்கரைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். நெய்னா முகம்மது என்று பேர். கொழும்பில் மோட்டார் சாமான் கடை வைத்திருப்பவர். அவர்தான் அவளுக்கு விஷயத்தைச் சொன்னார். இந்தத் தம்பி நாகநாதன், ஆர்.எஸ்.மங்கலத்து மிராசுதார் வீட்டுப் பிள்ளை. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருக்கிறது. மெட்ராஸ் பக்கத்துச் சோழவரத்தில் நடக்கும் கார் பந்தயத்தில் ஓட்ட வேண்டுமாம். எஞ்சினுக்கு வேகம் ஏற்றும் சாமான் சீமையில் இரண்டு தினுசாகக் கிடைக்கிறது. இரண்டையும் கொண்டுவந்தாயிற்று. பெர்மிட் ஒன்றுக்குத்தான். மற்றது இதே கப்பலில் திரும்பிப் போக வேண்டும்.

"கடிதம் போட்டுக் கேட்டா ரெண்டையும் கண்ணால பார்க்கணுமுண்டு சொன்னாரு. பார்த்தாரு, பார்த்தாரு, பார்த்துக்கிட்டே இருக்காரு" என்று முடித்தார் நெய்னா முகம்மது.

நாகநாதனுக்கு அதற்குள் கேட்க ஆள் கிடைத்துவிட்ட உற்சாகம். ஒரு பெட்டியில் இருப்பது சூப்பர்சார்ஜர் என்றும், காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் என்றும், எடுத்த எடுப்பிலேயே கார் பாயும் என்றும் விளக்கினான். மற்றதில் புது சிலிண்டர் ஹெட்டும் பெரிய கார்புரேட்டர்களும் இருக்கின்றன. அவ்வளவு பாய்ச்சல் கிடையாது. ஆனால் கடைசிவரை நின்று ஓடும். முன்னதில் சூடு அதிகம், பின்னதில் வேலை அதிகம், முன்னதில்...

வெளியே ரயில் ஊதியது.

வீரலட்சுமிக்கு எஞ்சின் என்றால் என்ன தெரியும்? அய்யாவின் பஸ் ஓடும். சில நாள் ஓடாது. அவ்வளவுதான். அவள் கையை நீட்டினாள். தனக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைக் காட்டினாள்.

"அது."

"சூப்பர்சார்ஜரா? ஏன் அது?"

"அதுதான் நல்லது. எங்க அய்யா பஸ் கம்பெனி வச்சிருக்காக. எனக்குத் தெரியாதா?"

அவன் அவள் விரலைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்தான்... பிறகு மற்றப் பெட்டியை மூடி நெய்னா முகம்மது பக்கம் தள்ளிவிட்டு, அதிகாரியிடம் கையெழுத்துப் போட்டான். கொட்டகை முழுக்க ஒரே மூச்சாக நிம்மதி.

ரயில் கிடைத்தது. ஆனால் பாம்பன் பாலத்தின்மேல் ஊர்ந்து போகையில் அவன் அவர்கள் இருந்த ரயில் பெட்டிக்கே வந்து சேர்ந்தான். அய்யாவுக்கு எலுமிச்சம்பழம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். அய்யா அதை முகர்ந்தபடி ஊர், பேர் விசாரித்ததில், சுற்றிவளைத்துப் பார்த்தால் ஒரு வகையில் சொந்தம் என்றுகூட வந்தது. வீரலட்சுமி ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. பாலத்துக்குக் கீழே மழைத்துளி விழுந்து விழுந்து கடல் முழுக்கப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தது. தீவுக்குள் கார் போகச் சாலை ஏது? அவன் சிவப்புக் கார் மண்டபத்தில் நின்றிருந்தது. அங்கே இறங்கிக்கொண்டவன், ஜன்னலுக்கு வந்து அவளிடம் தேங்க்ஸ் சொன்னான்.

'எதுக்குத் தேங்க்ஸ்... போய்த் தொலைந்தால் சரி' என்று நினைத்துக்கொண்டாள். ரயில் நகர்ந்த பிறகு, பெட்டியை அவன் தோளில் தூக்கிக்கொண்டு மழையில் நடப்பது எட்டிப் பார்த்தால் தெரியுமா என்றும் பார்த்தாள். தெரியவில்லை. அதற்கும் அவன்மேலேயே எரிச்சல் வந்தது.

போய்த் தொலையவில்லை அவன். மார்கழி பிறந்ததும் இராமநாதபுரத்துத் தெருக்களில் ஒரு விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சூப்பர்சார்ஜர் மாட்டிய கார் போடும் ஊளை. பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே அது கேட்டதும் வகுப்பில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். வீரலட்சுமி பலகையில் எழுதிக்கொண்டிருந்த அரசரின் பேரை மறந்துவிடுவாள்.

அய்யாவுக்குச் சாப்பாடு கொண்டு பஸ் ஷெட்டுக்குப் போனால் அங்கேயும் அவன். பெல்ட் வேண்டும், ரேடியேட்டர் குழாய் வேண்டும், ஏதாவது சாக்கு. கார் சட்டென்று சூடாகிவிடுகிறது, தண்ணீர் கொதிக்கிறது, என்ன செய்யலாம் என்று அவளைத்தான் கேட்பான். தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தனுஷ்கோடியில் அவ்வளவு தோரணையாகச் சொல்லிவிட்டு இப்போது எப்படி இறங்கி வருவது? அய்யாவின் டிரைவர்கள் பேசிக் காதில் விழுந்ததையெல்லாம் அள்ளி விட்டாள்.

"உப்புத் தண்ணிய ஊத்தியிருப்பீக. நல்ல தண்ணி ஊத்துங்க."

"நல்ல தண்ணிதாங்க ஊத்துனேன்."

"அப்பக் கொஞ்சம் மெதுவாப் போங்க."

"மெதுவாப் போறதுக்கா இத மாட்டினோம்?"

மாட்டினோம் என்றானே... அந்த 'னோம்' அவளை இரவெல்லாம் தொந்தரவு செய்தது.

வினை நெய்னா முகம்மது வாயிலிருந்து வந்தது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நல்ல கதை அவருக்கு வயிற்றில் தங்காது, அவ்வளவுதான். தனுஷ்கோடி சுங்கத்தில் மலையாண்டி மகள் கைகாட்டியதையும், பையன் மறுபேச்சுப் பேசாமல் எடுத்ததையும் இராமநாதபுரம் கடைத்தெருவில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கதை பரமக்குடி வரை போயிற்று. பரமக்குடியில்தான் வீரலட்சுமிக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். பொண்ணு டீச்சரா, மெக்கானிக்கா என்று அவர்கள் சொல்லி அனுப்பியபோது அய்யா ஷெட்டில் இருந்த ஸ்பேனரைத் தூக்கி வீசினார்.

அந்த நேரம் பார்த்தா அவன் விசிலடித்துக்கொண்டு வர வேண்டும்?

அய்யா அவனை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே, இனிமேல் இந்தக் காரை இந்தத் தெருவில் பார்க்கக்கூடாது என்றார். தன் மகள் பேரைச் சொல்லிக்கொண்டு ஊர்சுற்ற அது என்ன தேரா என்றும் கேட்டார். அந்தக் கதையை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் நெய்னா முகம்மதுவைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

தூக்குச்சட்டியோடு வாசலில் நின்ற வீரலட்சுமிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. யார்மேல் காட்டுவது? அவன்தான் பக்கத்தில் நின்றான்.

"எனக்கு எஞ்சினப் பத்தி ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு ரயிலு போயிருமேன்னு பக்கத்துல இருந்த பெட்டியக் காட்டுனேன். அது தெரியாம அதப் போயி மாட்டிக்கிட்டு எங்கள இப்படிச் சீரழிக்கிறீகளே... உங்களுக்குச் சொந்தமா ஒரு முடிவு எடுக்கத் தெரியாதா?"

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. 'சரிங்க' என்று மட்டும் சொன்னான். காரை ஸ்டார்ட் செய்யாமலே தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனான். விசில் சத்தம் இனி அவர்கள் வாசலில் கேட்கக்கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். அந்தத் தள்ளலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பிறகு அவன் வரவில்லை. பொங்கல் வந்தது, போனது. பரமக்குடி வரன் தானாகவே நின்றுபோனது. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை. நாள் முழுக்கத் தெருவில் அமைதி. அந்த அமைதியும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பலகையில் அரசர்கள் பேரெல்லாம் பிழையில்லாமல் வந்தன. என்ன பிரயோஜனம்?

சோழவரம் பந்தயச் செய்தியை நெய்னா முகம்மதுதான் கொண்டுவந்தார். பழியெல்லாம் தன்மேல்தான் என்று அய்யாவிடம் ஒப்புக்கொள்ள வந்த இடத்தில் சொன்னார். பையன் முதல் சுற்றுகளில் நன்றாகத்தான் ஓட்டியிருக்கிறான். அப்புறம் எஞ்சின் கொதித்து, ஆவி பறந்து, பாதியிலேயே நின்றுவிட்டதாம். கூட்டம் சிரித்ததாம். காரை மெட்ராஸிலேயே ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டானாம். 'மத்தப் பெட்டிய எடுத்திருந்தா முடிச்சிருப்பாரு' என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்று வீரலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு. மாசி வெயில் ஷெட்டின் தகரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து நாகநாதன் இறங்கினான். சட்டையெல்லாம் புழுதி. அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் நேரே அய்யாவிடம் உள்ளே போனான். என்ன பேசினார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை. டீசல் எஞ்சின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது... பாழாய்ப்போன எஞ்சின்.

அய்யா வெளியே வந்தார். இனியும் பந்தயம் ஓட்டுவாயா என்று தான் கேட்டதாகவும், ஓட்டுவேன் என்று அந்தத் தம்பி சொன்னதாகவும், பொண்ணு கேட்க வந்த இடத்தில் பொய் சொல்லாத ஆளைத் தான் பார்த்ததில்லை என்றும் சொன்னார். மற்றதை அவளிடமே கேட்டுக்கொள்ளும்படி உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பொண்ணு கேட்கவா...? வீரலட்சுமி டீக்கடைப் பக்கம் போகும் அய்யாவையே பார்த்தாள்.

அவன் வந்து சற்றுத் தள்ளி நின்றான்.

"என்னாலதான் தோத்தீக" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

"இல்லங்க. அன்னைக்கு உங்ககிட்ட வெளக்கிச் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே முடிவு பண்ணிட்டேன், மத்தப் பெட்டிதான்னு. அந்த ஹெட்டுதான் நம்ம வெயிலுக்குத் தாங்கும். தெரியும் எனக்கு."

அவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். அந்தக் கறுத்த கண்கள் மறுபடி விரிந்தன.

"தெரிஞ்சுக்கிட்டேவா நான் காட்டுனத எடுத்தீக? உங்களுக்குப் புத்தி இருக்கா?"

"இருந்துச்சு... நீங்க கையை நீட்டுற வரைக்கும்."

அவளுக்குக் கோபம் வந்தது. நிஜமாகவே வந்தது. ஒரு பந்தயத்தை, ஒரு காரை, ஒரு வருஷ ஆசையை, பேர்கூடத் தெரியாத ஒருத்தியின் விரலுக்காக விட்டுக்கொடுக்கும் ஒரு மனிதனை என்ன சொல்வது? தலையில் குட்ட வேண்டும்போல் இருந்தது. அதே கையால் அந்தச் சட்டைப் புழுதியைத் தட்டிவிடவும் வேண்டும்போல் இருந்தது.

"அப்புறம் எதுக்கு எங்கிட்டயே வந்து வந்து கேட்டீக... சூடாகுது, கொதிக்குதுன்னு?"

"வேற என்னத்தக் கேட்டு வர்றது? எனக்கு எஞ்சின் ஒண்ணுதானங்க பேசத் தெரியும்." அவன் குரல் தாழ்ந்தது. "உங்களப் புடிச்சிருக்குன்னு சொல்லத் தெரியல. வேணாம்னா இப்பவே சொல்லிருங்க. அடுத்த பஸ்ஸுல போயிருவேன்."

அந்தப் பக்கம் அடுத்த பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. கண்டக்டர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வீரலட்சுமி பஸ்ஸைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். இந்த மனிதனிடம் எல்லாவற்றையும் வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டுமோ...?

"நேத்து இந்நேரம் அந்த பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டேன்" என்றாள். கண்ணில் நீர் தளும்பியது. குரலில் மட்டும் எரிச்சல் குறையவில்லை. "உங்க ஊருக்குத்தான். உங்க வீட்டு வாசல்ல வந்து என்னன்னு சொல்லுறதுன்னு தெரியாம, கண்டக்டரு விசிலடிக்கும்போது இறங்கிட்டேன். நீங்க இன்னைக்கு வரலைன்னா நாளைக்கு வெக்கத்தை விட்டு வந்திருப்பேன். வந்து நிக்கிறீக... அதுலயும் வேணுமா, வேணாமான்னு ஒரு கேள்வி."

நாகநாதனுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகமெல்லாம் சிரிப்பாயிற்று.

பஸ் கிளம்பியது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, மங்கலம் போறவரு ஏறலையா என்று அவனைப் பார்த்துக் கேட்டார்.

"ஏறல" என்றாள் வீரலட்சுமி. "அவுக இங்கதான் சாப்பிடுறாக."